வறண்ட காற்றும் வராத மழையும்



2025ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று காலை மண்ணூர்பேட்டையில் நாம் திருப்பலிக்குப் புறப்பட்டபோது ஒவ்வொருவர் கையிலும் குடை இருந்தது. இரு நாள்களுக்கு முன் இலங்கையைத் தாக்கி நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட 'டிட்வா' புயல், நம் கரையோரமாக வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தது. வட தமிழகக் கடலோரத்தில் மிகக் கனத்த மழை பெய்யக்கூடும் என்று வானிலைத் துறை எச்சரித்திருந்தது. நம் வீடுகளில் அரிசி மூட்டை பரண் ஏறியிருந்தது. பிள்ளைகளின் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போயிருந்தன. தெருக்கோடியில் சிறிய லேத்துப் பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், சனிக்கிழமை முழுவதும் வேலையை நிறுத்தித் தம் இரு மோட்டார்களையும் கழற்றிச் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றி வைத்திருந்தார்.

மழையோ வரவில்லை. சிறு தூறலுக்கு மேல் வானம் நம் தெருவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் நின்றபோது பேச்சு அதைப் பற்றியே எழுந்தது. "அவர்கள் சொன்னார்கள் என்று ஒரு நாள் கூலியை இழந்ததுதான் மிச்சம்" என்று வருந்தினார் பட்டறைக்காரர். "மழை வரும் என்று வானிலைக்காரர் சொன்னால் அன்றைக்குத் தைரியமாக வடகம் காயவைக்கலாம்" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, பட்டறைக்காரர் மோட்டார்களை இறக்கிப் பூட்டி வேலையைத் தொடங்கினார். அதே நாளில், வலுக்குறைந்துபோயிருந்த அந்தப் புயலின் எச்சம், தாழ்வு மண்டலமாய்ச் சென்னைக்கு அருகில் கடலிலேயே தயங்கி நின்றது. மழை பிடித்துக்கொண்டது. இரவுக்குள் பட்டறைத் தரையில் நீர் ஏறிவிட்டது. ஒரு மோட்டாரின் சுருள் கெட்டது. சனிக்கிழமை இழந்த கூலியைப்போல் பன்மடங்கு, திங்கட்கிழமை சென்றது.

ஞாயிறன்று ஏன் மழை வரவில்லை? முன்னறிவித்தவர்கள் அறியாமையால் சொன்னார்களா? இந்த வினாவிற்கு விடை தேடுவது நம் வீட்டுப் பொருளாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் உரிய காரியம் என்று கருதி, இத்திங்கள் இப்பகுதியை அதற்கென ஒதுக்குகிறோம். விடையின் பெரும்பகுதி இரண்டே சொற்களில் அடங்கும்: வறண்ட காற்று.

காற்றின் தாகம்

ஈரத் துணி கொடியில் உலர்வதை நாள்தோறும் காண்கிறோம். துணியிலிருந்த நீர் எங்கே போயிற்று? காற்று குடித்துவிட்டது. ஆனால் காற்றின் வயிற்றுக்கும் ஓர் அளவு உண்டு. 30 பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 பாகையில் அது 17 கிராம் அளவாகக் குறையும். உறைநிலையில் 5 கிராம்கூட இராது. வயிறு நிறைந்த காற்று மேலும் குடிக்காது. ஐப்பசி அடைமழையில் துணி மூன்று நாளாகியும் உலராததும், உப்புச் சாடியில் நீர் கசிவதும் இதனாலேயே. வயிறு ஒட்டிய காற்றோ எதைக் கண்டாலும் குடிக்கும். பங்குனி வெயிலில் வற்றல் ஒரே நாளில் சுக்காவது அதனால்.

மேகத்திலிருந்து விழும் மழைத்துளியும் இந்தத் தாகத்திற்குத் தப்ப முடியாது. மேகத்துக்கும் மண்ணுக்கும் இடையில் வறண்ட காற்று ஓர் அடுக்காகப் படிந்திருந்தால், துளி வழியிலேயே ஆவியாகிவிடும். கோடை மாலைகளில் தொலைவிலுள்ள கருமேகத்தின் அடியில் சாம்பல் நிறத் திரை ஒன்று தொங்குவதையும், அது நிலத்தைத் தொடாமல் பாதி வழியிலேயே மறைந்துபோவதையும் நம்மில் பலர் கண்டிருக்கலாம். அது பெய்த மழைதான். ஆனால் நம்மிடம் வந்து சேராத மழை.

மண்பானை கற்பிக்கும் பாடம்

வறண்ட காற்று மழைத்துளியைக் குடிப்பதோடு நிற்பதில்லை. புயலின் அடுப்பையே அணைத்துவிடுகிறது. இதை விளங்கிக்கொள்ள நம் வீட்டு மண்பானையே போதும். பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உடன் எடுத்துச் செல்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. ஒரு லிட்டர் நீரைத் தண்மையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதே நீரை ஆவியாக்கத் தேவைப்படும். அவ்வளவு வெப்பமும் சுற்றுப்புறத்திலிருந்தே எடுக்கப்படுகிறது.

புயல் என்பது இதற்கு நேர்மாறான ஓர் அடுப்பு. கடலின் மேலுள்ள வெப்பமும் ஈரமும் மிக்க காற்று மேலே எழுகிறது. எழுந்து குளிர்ந்ததும் ஆவி நீராகிறது. நீராகும்போது முன்பு உண்ட வெப்பத்தைத் திருப்பி உமிழ்கிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ள, கீழிருந்து புதிய ஈரக்காற்று விரைந்து வருகிறது. இந்தச் சுழற்சி நடக்கும்வரை புயல் வளரும். இதனிடையே பக்கவாட்டில் வறண்ட காற்று புகுந்தால் என்ன ஆகும்? மேகத்திலுள்ள துளிகள் ஆவியாகின்றன. மண்பானையின் விதிப்படி அங்குள்ள காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனத்துக் கீழே இறங்குகிறது. மேலே எழ வேண்டிய வெப்பக் காற்றின் வழியை அடைக்கிறது. எரிகிற விறகடுப்பில் ஒரு செம்பு நீரைத் தெளித்தாற்போல் ஆகிவிடுகிறது.

இந்த வறண்ட காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். தென்மேற்குப் பருவமழை விலகியபின் வடக்கு, வடமேற்கு இந்திய நிலப்பரப்பில் வானம் தெளிந்து காற்று உலர்ந்துவிடுகிறது. வங்கக் கடலில் புயற்சின்னம் தோன்றிச் சுழலும்போது, அது தன் கிழக்குப் பக்கத்தில் கடலின் ஈரக்காற்றையும், மேற்குப் பக்கத்தில் நிலத்தின் வறண்ட காற்றையும் ஒருசேர இழுக்கிறது. கடலின் நடுவில் இருக்கும்வரை ஈரம் வெல்லும். கரையை நெருங்க நெருங்க வறட்சியின் பங்கு கூடும். எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில், எந்த மணிக்கு அது புகும் என்பதே நம் தெருவில் 20 செ.மீ. மழையா, 2 செ.மீ. மழையா என்பதைத் தீர்மானிக்கிறது. டிட்வா புயல் நம் கரையோரம் வந்து நலிந்ததற்கு இத்தகைய வறண்ட காற்றின் ஊடுருவலும் ஒரு முக்கிய காரணம். பின்னர் அதன் எச்சம் சென்னைக்கருகே நின்றபோது, கடலின் ஈரக்காற்றை மீண்டும் நம்மீது இழுத்துவிட்டது. ஒரே சின்னம் ஒரு நாள் ஏமாற்றியது, மறுநாள் நனைத்தது.

மேம்பாலத்தில் நின்ற கார்கள்

2024ஆம் ஆண்டு அக்டோபர் நடுப்பகுதியை நாம் மறந்திருக்க மாட்டோம். 15ஆம் நாள் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் கனமழை பெய்தது. 16ஆம் நாளுக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினர். பால், ரொட்டிக்குக் கடைகளில் கூட்டம் முட்டியது. ஆனால் 16ஆம் நாள் அஞ்சிய மழை வரவில்லை. 17ஆம் நாள் அதிகாலை அத்தாழ்வு மண்டலம் சென்னைக்கு வடக்கே அமைதியாகக் கரையேறிற்று.

அதே ஆண்டு நவம்பர் இறுதியில் 'ஃபெஞ்சல்' வந்தது. அது புயலாகுமா ஆகாதா என்பதே ஐயமாயிற்று. புயலாகாது, தாழ்வு மண்டலமாகவே கரையேறும் என்று ஒரு கட்டத்தில் அறிவித்தார்கள். 29ஆம் நாள் அது புயலாகவே ஆகிவிட்டது. 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறி, நகராமல் நின்று, புதுச்சேரியையும் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தையும் 50 செ.மீ. அளவிலான மழையால் மூழ்கடித்தது. வறண்ட காற்றும் மேலடுக்குக் காற்றின் வேக வேறுபாடும் ஒரு புறம், வெதுவெதுப்பான கடல் மறு புறம் என்று நடக்கும் போராட்டத்தில், எது வெல்லும் என்று கணிப்பது எத்துணைக் கடினம் என்பதற்கு இது சான்று.

பனி விழும் நாடுகளிலும் இதே கதை

நம் பங்குகளிலிருந்து பிள்ளைகள் பலர் குளிர்நாடுகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே மழைக்குப் பதில் பனிப்பொழிவு, ஏமாற்றமோ ஒன்றே. உறைநிலைக் காற்று தாங்கும் நீராவி மிகச் சிறிது என்று மேலே கண்டோம். ஆகவே பனிமேகத்துக்கு அடியிலுள்ள காற்று வறண்டிருந்தால், பனித்துகள்கள் நீராகாமலே நேரே ஆவியாகி மறைந்துவிடும். மேகம் முதலில் அந்த அடுக்கை நனைத்து நிரப்பிய பிறகே பனி தரையைத் தொடும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அதற்குள் மேகமே கடந்துபோய்விடலாம்.

2015 ஜனவரி 26, 27 தேதிகளில் நியூயார்க் நகரில் இரண்டு அடி பனி குவியும் என்று எச்சரித்துச் சுரங்க ரயில்களையும் நிறுத்தினார்கள். புயல் சற்றே கிழக்கே விலகியது. நகரம் அதன் ஈரம் குறைந்த மேற்கு விளிம்பில் சிக்கியது. நகரின் நடுப்பூங்காவில் விழுந்தது பத்து அங்குலத்துக்கும் குறைவு. அரசு முன்னறிவிப்பாளர் ஒருவர் மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நம் நாட்டிலும், 2024 ஜனவரியில் காசுமீரத்தின் குல்மார்க், பனி போர்த்தியிருக்க வேண்டிய காலத்தில் பழுப்பு நிறப் புல்வெளியாகக் கிடந்தது. மேற்கிலிருந்து ஈரம் கொண்டுவரும் காற்றலைகள் அந்த வாரங்களில் வரவில்லை. பனியை நம்பிப் பிழைப்போர் கைபிசைந்து நின்றனர். பின்னரே பனி வந்தது.

பார்க்க முடியாத ஒன்றை அளப்பது

மழைத்துளியை ராடார் காணும். சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ராடார் அதைத்தான் செய்கிறது. ஆனால் துளி இல்லாத வறண்ட காற்றை ராடாரால் காண முடியாது. இன்சாட் செயற்கைக்கோள்களின் நீராவிப் படங்களில் அது இருண்ட நாக்கைப்போல் தெரியும். எனினும் அவை பெரும்பாலும் மேலடுக்கின் ஈரத்தையே காட்டுவன. துல்லியமாக அறிய வேண்டுமானால் கருவியைக் காற்றுக்குள்ளேயே அனுப்ப வேண்டும். இதற்காக மீனம்பாக்கத்திலிருந்து காலையிலும் மாலையிலும் பலூன் ஒன்று பறக்கவிடப்படுகிறது. அது ஏற ஏற, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் கீழே அனுப்பிக்கொண்டிருக்கும். காரைக்காலிலும் விசாகப்பட்டினத்திலும் இவ்வாறே செய்கிறார்கள். ஆனால் இவை எல்லாம் கரையில் இருப்பவை. புயல் பிறப்பதும் வளர்வதும் கடலில். அமெரிக்கர்கள் தங்கள் புயல்களுக்குள் விமானத்தையே செலுத்தி அளக்கிறார்கள். வங்கக் கடலில் அத்தகைய பறப்பு வாடிக்கையாக இல்லை. எனவே கணிப்பொறிகள், கிடைத்த சில புள்ளிகளைக்கொண்டு நடுவிலுள்ள வெளியை நிரப்பிக்கொள்கின்றன. அந்த வெளியில் ஒரு வறண்ட அடுக்கு ஒளிந்திருந்தால், கணக்கு முழுவதும் மாறிவிடும்.

வானத்தைப் பார்த்து வரப்போவதைக் கூறுவது மனிதனின் பழைய வழக்கம். மேற்கே மேகம் எழுந்தால் மழை என்றும், தெற்குக் காற்று அடித்தால் வெக்கை என்றும் மக்கள் கணிப்பதை ஆண்டவரும் எடுத்துக்காட்டிப் பேசியதை லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். அந்நாட்டிற்கு மேற்கே கடல், தெற்கே பாலை. ஈரத்தின் திசையும் வறட்சியின் திசையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. நமக்கோ கிழக்கே கடல், வறட்சி வடமேற்கில். திசை மாறினாலும் விதி மாறவில்லை.

எச்சரிக்கையின் பொருள்

சிவப்பு எச்சரிக்கை என்பது பொதுவாக ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்யக்கூடும் என்பதைக் குறிக்கும். ஒரு கிரவுண்டு மனையில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறக்குறைய 2,230 லிட்டர் நீர் சேரும். 20 செ.மீ. என்றால் 44,000 லிட்டருக்கும் மேல். ஒவ்வொரு மனையிலும் இவ்வளவு நீர் விழுந்து, கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் நிறைந்து, கால்வாய்களும் குப்பையால் அடைபட்டிருந்தால், அது தாழ்ந்த தெருக்களைத்தான் தேடி வரும். அந்த நிலை உறுதியாக வரும் என்று எச்சரிக்கை சொல்லவில்லை. வரக்கூடும், ஆயத்தமாயிருங்கள் என்றே சொல்கிறது. மாடிப்படியில் கைப்பிடி வைக்கிறோம். ஒவ்வொரு நாளும் விழுவோம் என்பதற்காக அன்று.

ஏமாந்த எச்சரிக்கையை நம்பி அடுத்ததை அலட்சியம் செய்வதன் விலையை நாம் முன்பே கண்டிருக்கிறோம். 2016 டிசம்பர் 2ஆம் நாள் 'நாடா' வலுவிழந்து காரைக்கால் அருகே சாதுவாகக் கரையேறியது. "இவ்வளவுதானா?" என்றோம். பத்தே நாளில், டிசம்பர் 12ஆம் நாள், 'வர்தா' சென்னையை நேராகத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்களை வேரோடு சாய்த்தது.

ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எச்சரிக்கையைக் கேட்டு நடப்பதற்கும் ஒரு விலை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு விடுமுறை. நாட்கூலி பெறுபவருக்கு அடுப்பெரியாத ஒரு நாள். ஞாயிறன்று ஆலய வாயிலில் பட்டறைக்காரர் முணுமுணுத்தது சோம்பலால் அன்று, இழப்பால். அவரைப் பார்த்து "அலட்சியம் செய்தீர்களே" என்று கடிந்துகொள்வது எளிது. அவருடைய ஆயத்தச் செலவு குறையுமாறு ஒரு வழி காண்பதுதான் அண்டை வீட்டாருக்கு அழகு.

குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உள. ஐப்பசி பிறக்குமுன்பே, ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்னும் வேலைகளை முடித்துக்கொள்ளலாம்: சான்றிதழ்களுக்கு உறை, மின்செருகிகளை உயரத்தில் பொருத்துதல், வாசல் கால்வாயைத் தூர்த்தல் நீக்கிச் சுத்தம் செய்தல். முன்னறிவிப்பை ஒருமுறை கேட்டதோடு நிறுத்தாமல் காலையும் மாலையும் புதுப்பித்துக் கேட்க வேண்டும். வறண்ட காற்றின் விளையாட்டால் அது மாறிக்கொண்டே இருக்கும். புயற்சின்னம் கரையேறும்வரை அல்லது கலைந்துவிட்டது என்று அறிவிக்கும்வரை, ஏற்றி வைத்ததை இறக்கலாகாது. தெருவில் தனித்து வாழும் முதியோருக்கு யார் செய்தி சொல்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வராத மழையைப் பற்றிப் பிள்ளைகள் எதிரில் ஏளனம் பேசுவதைத் தவிர்க்க வேண்டும். நாளை அவர்கள் நம் வார்த்தையை வைத்தே எச்சரிக்கையை எடைபோடுவார்கள்.

அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். கெட்ட மோட்டாருக்குப் புதுச் சுருள் கட்டியாயிற்று. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில், தெரு இளைஞர்கள் நால்வர் மாலை வேளைகளில் வந்து, பட்டறைச் சுவரோரம் இரண்டரை அடி உயரத்தில் சிமெண்டு மேடை ஒன்றைக் கட்டித் தந்தார்கள். செங்கல்லும் சிமெண்டும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்ந்தன. மோட்டார்கள் இப்போது அந்த மேடைமீதே இருந்து ஓடுகின்றன. அடுத்த ஐப்பசியில் எச்சரிக்கை வந்து மழை வராமற்போனால், அவருக்கு ஒரு நாள் கூலி நட்டமில்லை. மழை வந்துவிட்டாலோ, இறக்கி வைத்தோமே என்ற ஏக்கமும் இல்லை. வடகம் பற்றிப் பேசிய பெரியவர் மேடையைச் சுற்றி வந்து கையால் தட்டிப் பார்த்து, "இன்னும் அரை அடி ஏற்றியிருக்கலாம்" என்றார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை.